பழைய அம்பாசடரில் ஆயில் கசிவு: டேப்பட் கவர் நட்டு, புஷ், பேக்கிங் மாற்றும் முறை

அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் டேப்பட் கவரைப் பிடித்துக்கொண்டிருப்பவை இரண்டே இரண்டு நட்டுகள். பட்டறைகளில் டேப்பட் கவர் என்றும் கையேடுகளில் ராக்கர் கவர் என்றும் பெயர் பெறும் அந்தத் தகர மூடியின் ஓரத்தில் ஆயில் கசியத் தொடங்கியதும், பெரும்பாலானோர் ஸ்பேனரை எடுத்து அந்த இரண்டு நட்டுகளையும் இன்னும் அரைச்சுற்று முறுக்கிவிடுவார்கள். இரண்டு நாள் கசிவு குறைந்ததுபோல் தெரியும். மூன்றாம் நாள் முன்பைவிட அதிகமாக ஒழுகும். மறுபடி ஸ்பேனர் வரும். இப்படி நான்கைந்து முறை முறுக்கப்பட்ட மூடியைக் கழற்றிப் பார்த்தால் மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஆயிலை அடைக்கும் கார்க் பேக்கிங் உட்பக்கமாகப் பிதுங்கிப் பிளந்திருக்கும், ரப்பர் புஷ் சப்பையாகிக் கல்லைப்போல் இறுகியிருக்கும், மூடியின் விளிம்பு நெளிந்திருக்கும். தளர்வினால் ஒழுகும் டேப்பட் கவரைவிட முறுக்கலினால் ஒழுகும் டேப்பட் கவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே, நட்டுகளையும் அவற்றோடு சேர்ந்த உறுப்புகளையும் மாற்றுவதற்கு முன், அந்த நட்டுகள் உண்மையில் என்ன வேலை செய்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையைத் தழுவி மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உருவாக்கப்பட்ட அம்பாசடரில் இது பல பத்தாண்டுகள் ஓடியது. எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சி.சி. எஞ்சினும் இதன் உடன்பிறப்புத்தான் என்பதால், அந்தக் காரின் பணிமனைக் கையேட்டில் உள்ள பல குறிப்புகள் அம்பாசடர்காரர்களுக்கும் உதவும். இசுசு எஞ்சின் பொருத்திய பிற்கால அம்பாசடர்களின் அமைப்பு முற்றிலும் வேறானது. கீழே சொல்லப்படும் அளவுகளை அவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

டேப்பட் கவருக்கு உள்ளே ஆயில் அழுத்தத்தில் நிற்பதில்லை. வால்வுகளை அழுத்தும் ராக்கர் கைகளைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டுக்கு மேலேறி வரும் ஆயில், ராக்கர் கைகளிலிருந்து சொட்டி, தெறித்து, புஷ் ராடு துளைகளின் வழியாகத் தானாகவே கீழே உள்ள ஆயில் தொட்டியான சம்புக்கு இறங்கிவிடுகிறது. அந்தத் தெறிப்பை வெளியே விடாமல் தடுப்பது மட்டுமே மூடியின் வேலை. சிலிண்டர் ஹெட் நட்டுகள் எரிப்பு அழுத்தத்தைத் தாங்குகின்றன. ஆனால் டேப்பட் கவர் நட்டுகள் பேக்கிங்கை அதன் இடத்தில் மெதுவாக அமர்த்தி வைத்தால் போதும். மேலும், இரண்டு நட்டுகளும் மூடியின் முதுகில், நடுக்கோட்டில் இருக்கின்றன. பேக்கிங்கோ சுற்று விளிம்பில் இருக்கிறது. நட்டை மிகையாக முறுக்கும்போது மூடியின் முதுகு அமுங்கி, நட்டுக்குத் தொலைவில் உள்ள விளிம்புப் பகுதிகள் மேலெழும்புகின்றன. முறுக்க முறுக்க ஒழுகுவதற்குக் காரணம் இதுவே.

நட்டுக்கும் மூடிக்கும் இடையில் ஒரு கிண்ண வாஷரும் ஒரு ரப்பர் புஷ்ஷும் இருக்கின்றன. ரப்பர் புஷ் இரண்டு வேலைகளைச் செய்கிறது: நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் நுழைந்து வரும் துளையை அடைக்கிறது, எஞ்சின் சூடாகி விரியும்போதும் குளிர்ந்து சுருங்கும்போதும் ஸ்பிரிங்போல் நெகிழ்ந்து, மூடியின்மீது ஒரே அளவான அழுத்தத்தை வைத்திருக்கிறது. கிண்ண வாஷர் அந்த ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கிவிடாமல் அணைத்துப் பிடிக்கிறது. பல வண்டிகளில் கிண்ண வாஷர் என்றோ தொலைந்து, அதன் இடத்தில் ஏதோ ஒரு தட்டை வாஷர் போடப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் புதிய புஷ் வாங்கிப் போட்டும் பயனில்லை. ஓரிரு மாதங்களில் அது தட்டை வாஷருக்கு வெளியே பிதுங்கிக் கிழிந்துவிடும்.

கசிவு எங்கிருந்து வருகிறது?

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான், பெரும்பாலும் தவிர்க்கப்படுவதும் இதுதான். ஆயில் கீழ்நோக்கி வழிகிறது. வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளுகிறது. எனவே சம்பு நனைந்திருப்பதாலேயே சம்பு பேக்கிங் போய்விட்டது என்று முடிவு செய்யக் கூடாது. டேப்பட் கவரின் பின்முனையில் கசியும் ஆயில், எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் வழியாக இறங்கி, கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கக் கசிவு என்று தோற்றம் காட்டும். அதை நம்பி கியர் பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்பரேட்டரின் வாயையும் பாலித்தீன் தாளால் மூடிவிட்டு, மூடியைச் சுற்றியும் ஹெட்டின் பக்கங்களையும் மண்ணெண்ணெய் தோய்த்த பிரஷ்ஷால் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். மண்ணெண்ணெய் வாடை முழுவதும் போகும்வரை எஞ்சினை இயக்க வேண்டாம். பிறகு மூடியின் விளிம்பைச் சுற்றி, ஹெட்டின் மேல், நட்டுகளின் அடியில், ஆயில் ஊற்றும் மூடியின் கழுத்தில் என எல்லா இடத்திலும் சாதாரண முகப் பவுடரைத் தூவிவிட்டு, எஞ்சினைக் கால் மணி நேரம் நிறுத்திய நிலையிலேயே ஓடவிடுங்கள். கசியும் இடத்தில் வெள்ளைப் பவுடர் முதலில் மங்கி, பிறகு பழுப்பாகி, ஒரு கோடாகக் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அந்தக் கோடு மூடியின் விளிம்பில் தொடங்கினால் பேக்கிங் அல்லது விளிம்பின் வளைவு காரணம். நட்டின் அடியில் தொடங்கி மூடியின் முதுகில் சிறு குளமாகத் தேங்கினால் ரப்பர் புஷ் காரணம். பேக்கிங்கைத் தொடவே தேவையில்லை. ஆயில் ஊற்றும் மூடியின் கழுத்தில் தொடங்கினால் அதன் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். மேனிஃபோல்டு இருக்கும் பக்கத்தில் கசிவு இருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழும் ஆயில் முதலில் கருகல் நாற்றத்தைக் காருக்குள் கொண்டுவரும், அளவு கூடினால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

வாங்க வேண்டியவை

இரண்டு ரப்பர் புஷ், இரண்டு கிண்ண வாஷர், இரண்டு நட்டு, ஒரு டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் ஊற்றும் மூடிக்கான வளையம் ஆகியவையே முழுப் பட்டியல். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியவை கிடைக்கும். பழைய அசல் கிண்ண வாஷர் வேண்டுமானால் புதுப்பேட்டையில் தேடலாம். ரப்பர் புஷ்ஷை வாங்கும்போது கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தின் தடம் பதிந்து உடனே மறைய வேண்டும். தடமே விழாவிட்டால் அது கடையில் பல ஆண்டுகள் கிடந்து இறுகிய சரக்கு.

நட்டு வாங்குவதில்தான் பெரிய பொறி இருக்கிறது. பி-சீரிஸ் எஞ்சினின் மரைகள் அங்குல அளவிலானவை; யூ.என்.எஃப். எனப்படும் நெருக்கமான மரை. இன்று கடைகளில் எளிதாகக் கிடைப்பவை மில்லிமீட்டர் நட்டுகள். 5/16 அங்குல ஸ்டட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் நட்டு அதில் நுழைவதுபோலவே தோன்றும். ஆனால் 5/16 யூ.என்.எஃப். மரையில் ஓர் அங்குலத்துக்கு 24 திருகுகள், அதாவது ஒரு திருகுக்கு ஏறத்தாழ 1.06 மில்லிமீட்டர், வழக்கமான 8 மில்லிமீட்டர் நட்டில் அது 1.25 மில்லிமீட்டர். முதல் ஒன்றரைச் சுற்று கையாலேயே ஏறும், பிறகு கனக்கும். 'புது நட்டு, கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும்' என்று கடைக்காரர் ஒருவர் சொன்னதை நம்பி, நானே ஒருமுறை ஸ்பேனர் வைத்து ஏற்றினேன். ஸ்டட்டின் மரை சுருள் சுருளாகக் கம்பிபோல் உரிந்து வந்தது. அன்றிலிருந்து கடைக்குப் போகும்போது பழைய நட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறேன். புதிய நட்டு, ஸ்டட்டின் அடிவரை கை விரலாலேயே இறங்கினால்தான் அது சரியான நட்டு.

பேக்கிங்கில் கார்க், ரப்பர் கலந்த கார்க், ரப்பர் என மூன்று வகைகள் கிடைக்கின்றன. பலமுறை கழற்றி மாட்டப்பட்ட பழைய தகர மூடிக்கு ரப்பர் கலந்த கார்க்கையே நான் விரும்புவேன். அது விளிம்பின் சிறு நெளிவுகளுக்கு இணங்கிப் போகும், தனிக் கார்க்கைப்போல் எளிதில் பொடிவதும் இல்லை. கடையில் ஆணியில் தொங்கி உலர்ந்த கார்க் பேக்கிங் நீளத்தில் சுருங்கியிருக்கலாம். மூடியில் வைத்துப் பார்க்கும்போது அது அரை விரல் குறைவாக இருந்தால் இழுத்துப் பொருத்த முயலாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய அளவுக்கு விரிந்ததும் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் பயன்படுத்துங்கள்.

கழற்றுதல்

எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றி, மூடியிலிருந்து ஏர் கிளீனருக்குச் செல்லும், எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாயை உருவி, குறுக்கே வரும் பிளக் வயர்களையும் ஆக்ஸிலரேட்டர், சோக் இணைப்புகளையும் ஒதுக்கிக் கட்டுங்கள். இரண்டு நட்டுகளையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

சில வேளைகளில் நட்டு சுழலாமல், அதனுடன் சேர்ந்து அடியிலிருக்கும் ஸ்டட்டே சுழலத் தொடங்கும். அப்போது அங்கேயே நிறுத்திவிடுங்கள். துருநீக்கும் எண்ணெயைத் தடவி ஒரு மணி நேரம் காத்திருந்து, பிறகு நட்டை மட்டும் அசைக்கப் பாருங்கள். ஸ்டட்டைப் பிடிப்பதற்காக உள்ளே இருக்கும் நட்டுகளை அவிழ்க்கப் போகாதீர்கள். காரணம் இதுதான்: இந்த எஞ்சின் குடும்பத்தில் ராக்கர் ஷாஃப்டின் தாங்கிகளைப் பிடிக்கும் எட்டு நட்டுகளில் நான்கு, சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ரேடியேட்டர் தண்ணீரை வடிக்காமல், மற்ற ஹெட் நட்டுகளையும் வரிசைப்படி தளர்த்தாமல் அவற்றை மட்டும் அவிழ்த்தால், ஹெட் கோணலாகி, தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் சம்புக்குள்ளும் இறங்கிவிடும். டேப்பட் கவரைத் திறக்கப் போய் ஹெட் பேக்கிங்கைக் கெடுத்துக்கொள்ளும் வழி இது. மூடிக்கு மேலே தெரியும் இரண்டு நட்டுகளைத் தவிர உள்ளே இருக்கும் எந்த நட்டையும் இந்த வேலைக்காகத் தொட வேண்டியதில்லை.

நட்டுகள் வந்தபின்னும் மூடி ஒட்டிக்கொண்டிருந்தால், விளிம்புக்கடியில் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பக் கூடாது. நெம்பிய இடத்தில் விளிம்பு மேலே வளைந்து, அடுத்த கசிவு அங்கேதான் தொடங்கும். மூடியின் பக்கங்களில் மரச் சுத்தியால் இலேசாகத் தட்டுங்கள். அசையாவிட்டால் பட்டி பூசுபவர்கள் வைத்திருக்கும் மெல்லிய தகட்டைப் பேக்கிங்குக்கும் மூடிக்கும் இடையில் செலுத்தி நகர்த்துங்கள்.

மூடியை எடுத்தவுடன் புஷ் ராடுகள் இறங்கும் துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிட வேண்டும். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது விழும் துகள்கள் நேராகச் சம்புக்குப் போய், ஆயில் பம்பின் வலையில் படியும். ஹெட்டின் விளிம்பு வார்ப்பிரும்பு என்பதால் மழுங்கிய பிளேடால் சுரண்டலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது வேண்டாம். அதிலிருந்து உதிரும் மணல் எஞ்சினுக்குள் போகக் கூடாத பொருள்களில் முதன்மையானது.

விளிம்பைச் சீராக்குதல்

மூடியை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒரு கண்ணாடித் துண்டின்மீதோ சமையலறையின் கிரானைட் மேடையின்மீதோ கவிழ்த்து வையுங்கள். வீட்டில் அனுமதி கிடைத்தால் மேடையே சிறந்தது. நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். மூடி ஆடினால் அது முறுக்கேறியிருக்கிறது. பிறகு கண்ணை மேடையின் மட்டத்துக்குத் தாழ்த்தி, எதிர்ப்பக்கத்தில் டார்ச் விளக்கை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடம்தான் ஆயில் கசியும் இடம். அந்த இடங்களை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

விளிம்பு வளைந்த இடத்தில், அதன் ஒரு பக்கத்தைத் தட்டையான கட்டையின்மீது தாங்கி, மறுபக்கத்திலிருந்து சிறு சுத்தியால் பல தட்டுகளாகச் சரிசெய்ய வேண்டும். ஓங்கி ஓர் அடி அடித்தால் வேறொரு இடம் நெளியும். முதுகில் நட்டு அமரும் துளையைச் சுற்றிக் குழி விழுந்திருந்தால், மூடியைக் கவிழ்த்து, துளையைச் சுற்றி அடியில் மரத்துண்டு கொடுத்து, உட்புறமிருந்து அதே பொறுமையுடன் தட்டி வெளியே கொண்டுவாருங்கள். விளிம்பு முழுவதும் மேடையில் படிந்து, பேக்கிங்கின் தடிமனுக்கு எட்டில் ஒரு பங்குக்குமேல் இடைவெளி எங்கும் இல்லாத நிலை வந்தால் போதும். அச்சில் வார்த்ததுபோன்ற நேர்த்தி தேவையில்லை. அதற்காகத்தானே பேக்கிங் இருக்கிறது.

மூடி திறந்திருக்கும் இந்த நேரத்தில் டேப்பட் இடைவெளியையும் (ராக்கர் கைக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள சிறு இடைவெளி) ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகட்டால் சரிபார்த்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை டேப்பட் அட்ஜஸ்ட் செய்வதற்காக மூடி கழற்றப்படுவதாலேயே இந்த நட்டுகளும் புஷ்களும் தேய்கின்றன. ஒரே திறப்பில் இரண்டு வேலைகளையும் முடிப்பது அவற்றின் ஆயுளை நீட்டிக்கும்.

பேக்கிங்கை ஒட்டுதல்

பேக்கிங்கின் ஒரு பக்கத்தை மட்டும், மூடியின் பக்கத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். ஹெட்டின் பக்கத்தில் பசை கூடாது. அங்கே மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவினால் போதும். அப்போதுதான் அடுத்த டேப்பட் வேலைக்கு மூடியைத் தூக்கும்போது பேக்கிங் கிழியாமல் மூடியோடு வரும். ஒட்டுவதற்கு ஷெல்லாக் அல்லது பேக்கிங் பசை எதுவும் பொருந்தும். மூடியின் விளிம்பிலும் பேக்கிங்கிலும் மெலிதாகத் தடவி, பிசுபிசுப்பு வரும்வரை விட்டு, பேக்கிங்கைச் சரியாக அமர்த்தி, மூடியை மேடையின்மீது கவிழ்த்து, மேலே இரண்டு செங்கல்லை வைத்து இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். அவசரமாக ஒட்டி மாட்டும்போது பேக்கிங் உள்ளே நழுவுவது கண்ணுக்குத் தெரியாது. மாட்டியபின் ஒழுகும்போதுதான் தெரியும்.

பட்டறைகளில் பொதுவாக அனபாண்ட் என்றே அழைக்கப்படும் சிலிக்கான் பசையைப் பற்றி ஒரு வார்த்தை. அது நல்ல பொருள்தான், ஆனால் கார்க் பேக்கிங்கின் இரு பக்கமும் அதைக் கனமாகப் பூசி மூடியை அழுத்துவது நல்ல வேலை அல்ல. வெளியே பிதுங்கும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது சூட்டில் கெட்டியாகி, துண்டு துண்டாக உதிர்ந்து, ஆயில் பம்பின் வலையை அடைக்கும். அடைபட்ட வலையால் எஞ்சினுக்கு ஆயில் கிடைக்காமல் போவதோடு ஒப்பிட்டால், தரையில் விழும் நான்கு சொட்டு ஆயில் எவ்வளவோ மேல்.

மாட்டுதல், முறுக்குதல்

புஷ் ராடு துளைகளில் வைத்த துணியை எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். மூடியை மேலிருந்து நேராக இறக்கி, சுற்றி விரலோட்டி, பேக்கிங் எந்த இடத்திலும் வெளியே எட்டிப் பார்க்கவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். ஒவ்வொரு ஸ்டட்டிலும் முதலில் ரப்பர் புஷ், அதன்மேல் கிண்ண வாஷர், அதன்மேல் நட்டு என்ற வரிசையில் போட வேண்டும். கிண்ணத்தின் குழிவான பக்கம் ரப்பரை மூடியபடி இருக்க வேண்டும். புஷ்ஷின் உட்துளையில் ஒரு சொட்டு ஆயில் தடவினால் நட்டு திரும்பும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளாது.

இரண்டு நட்டுகளையும் விரலால் முடிந்தவரை இறக்கியபின், ஒன்றில் கால் சுற்று, மற்றொன்றில் கால் சுற்று என்று மாறி மாறிப் போக வேண்டும். இதே குடும்ப எஞ்சின் கொண்ட எம்.ஜி.பி.யின் கையேடு இந்த நட்டுக்கு 4 பவுண்டு-அடி முறுக்கைச் சொல்கிறது; அதாவது சுமார் 5.4 நியூட்டன்-மீட்டர், அல்லது 0.55 கிலோகிராம்-மீட்டர். பட்டறையில் இருக்கும் பெரிய டார்க் ரெஞ்சுகளின் அளவுகோல் இவ்வளவு கீழே தொடங்குவதே இல்லை. பயணப் பெட்டியை எடைபோடும் கொக்கித் தராசு இருந்தால் போதும். ரிங் ஸ்பேனரை நட்டில் மாட்டி, நட்டின் மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி ஸ்பேனரில் ஒரு கயிற்றைக் கட்டி, அந்தக் கயிற்றில் தராசைக் கொக்கியிட்டு, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு மூன்றரைக் கிலோவைத் தாண்டும்போது நிறுத்திவிட வேண்டும். முதல்முறை செய்பவர்கள் பலரும் 'இவ்வளவுதானா?' என்றே கேட்பார்கள். இவ்வளவுதான். அதன்பின் ஸ்பேனரை நீள்பிடியில் பிடிக்காமல், அதன் தலையருகே இரண்டு விரலாலும் கட்டைவிரலாலும் பிடித்து முறுக்கும் பழக்கம் வந்துவிட்டால் தராசும் தேவைப்படாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முறுக்கு சரியான அளவுக்கு வந்தும் மூடியை இரு கையாலும் பிடித்து அசைத்தால் அசைகிறது என்றால், நட்டு ரப்பரை அமுக்கவில்லை. ஸ்டட்டின் மரை முடியும் இடத்தில் முட்டி நிற்கிறது. மெல்லிய பேக்கிங்கும் குட்டையான புஷ்ஷும் சேரும்போது இப்படி ஆகும். கிண்ண வாஷருக்கும் நட்டுக்கும் இடையில் ஒரு தட்டை வாஷர் சேர்த்தால் தீரும். இந்த நிலையில் இன்னும் பலமாக முறுக்கினால் ஸ்டட் அறுந்துபோகும்.

எல்லாவற்றையும் திரும்ப இணைத்து, எஞ்சினை இயக்கிச் சூடாக்கி, மறுபடி குளிர விடுங்கள். புதிய கார்க் முதல் சூட்டில் சற்று அமுங்கும் என்பதால், அடுத்த நாள் காலையில் குளிர்ந்த எஞ்சினில் அதே மூன்றரைக் கிலோவில் ஒருமுறையும், 500 கிலோமீட்டர் ஓடியபின் மற்றொரு முறையும் நட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பதற்கு அதே முறுக்கைத்தான் பயன்படுத்த வேண்டும், அதற்குமேல் ஒரு துளியும் போகக் கூடாது. முடிவில் மீண்டும் பவுடர் தூவிக் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

அலுமினிய ஹெட் உள்ள வண்டிகள்

மாருதி 800 போன்ற வண்டிகளில் ஹெட் அலுமினியம் என்பதால் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. அலுமினியத்தில் நேரடியாகப் போல்ட் இறங்கும் இடங்களில் மிகை முறுக்கின் விளைவு நெளிந்த விளிம்போடு நிற்காது; மரையே கழன்று வந்துவிடும். போல்ட்டின் திருகுகளுக்கிடையில் வெள்ளி நிறச் சுருள் ஒட்டிக்கொண்டு வந்தால், வந்தது ஹெட்டின் மரை. அந்தத் துளையில் தடித்த போல்ட்டை அடித்து ஏற்றுவதோ, நூலும் பசையும் சுற்றி ஏற்றுவதோ தீர்வாகாது. 6 மில்லிமீட்டர் துளையாக இருந்தால், அதை 6.3 மில்லிமீட்டருக்கு நேராகத் துளைத்து, அதற்கான, மரை வெட்டும் டேப் போட்டு, ஹெலிகாயில் எனப்படும் எஃகுச் சுருளை உள்ளே ஏற்ற வேண்டும். அதன்பின் எஃகு மரையில் போல்ட் இறங்குவதால் பழைய அலுமினிய மரையைவிட அது உறுதியாகவே இருக்கும். துளைக்கும் பிட்டிலும் டேப்பிலும் கிரீஸ் தடவிக்கொண்டால் உலோகத் துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கை நேராக நிற்காது என்று தோன்றினால் நல்ல லேத் பட்டறையில் கொடுப்பதே பாதுகாப்பு. போல்ட்டுகள் பல இருக்கும் மூடிகளில் நடுவில் தொடங்கி, குறுக்குக் குறுக்காக இரு முனைகளுக்கும் முறுக்கிச் செல்ல வேண்டும். அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் உள்ளதே.

எல்லாம் செய்தும் ஒழுகினால்

புதிய பேக்கிங், புதிய புஷ், சீரான விளிம்பு, சரியான முறுக்கு எல்லாம் இருந்தும் ஒரு மாதத்தில் மறுபடி ஈரம் தெரிந்தால், மூடியை விட்டுவிட்டு எஞ்சினின் மூச்சைப் பாருங்கள். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு, பிரீதர் குழாய்களின் வழியாக வெளியேற வேண்டும். அந்தக் குழாய்களோ அவற்றிலுள்ள கம்பி வலையோ கசடு படிந்து அடைத்துக்கொண்டால், வாயு கிராங்க் கேஸுக்குள் தேங்கி, ஆயிலை எங்கெல்லாம் பலவீனமான பேக்கிங் இருக்கிறதோ அங்கெல்லாம் தள்ளும். குழாய்களைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வாயால் ஊதினால் தடையின்றிக் காற்று போகும்வரை சுத்தம் செய்யுங்கள். பிறகு எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். இலேசான ஆவி இந்த வயதுக்கு இயல்பு. ரயில் எஞ்சின்போல் விட்டுவிட்டுப் புகை உந்தி வந்து, உள்ளங்கையை வைத்தால் கையைத் தள்ளினால், ரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. அந்த எஞ்சினில் எந்தப் பேக்கிங்கும் நெடுநாள் நிற்காது.

பி-சீரிஸில் கிராங்க் ஷாஃப்டை மூன்று பேரிங்குகள் தாங்கும் எஞ்சினுக்கு இது இன்னும் முக்கியம். அதில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீல் இல்லை; ஷாஃப்டிலேயே வெட்டப்பட்ட திருகுக் காடி ஒன்று, சுழலும்போது ஆயிலை உள்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. உள்ளே வாயு தேங்கினால் அந்தக் காடி தோற்றுப்போகும். பிரீதரைச் சுத்தம் செய்ததும் டேப்பட் கவரும் பின்முனையும் ஒரே நாளில் காய்ந்துபோன வண்டிகள் உண்டு.

கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம், பிளாக்கின் பக்கவாட்டில், மேனிஃபோல்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இரண்டு டேப்பட் பக்க மூடிகள். ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட் பிடித்திருக்கிறது. கார்க் பேக்கிங்கும், நடுவில் முறுக்கினால் ஓரம் தூக்கிக்கொள்ளும் குணமும் மேல்மூடியைப் போலவேதான். அவற்றில் கசிவு உறுதியானால், மேனிஃபோல்டைக் கழற்றாமல் கை நுழையாது என்பதால், மேனிஃபோல்டு பேக்கிங் ஒன்றையும் சேர்த்து வாங்கிவைத்துக்கொண்டு, அதற்கென ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.